மூளைக் கட்டி ஏன் திரும்ப முளைக்கிறது? ஸ்டெம் செல் எமனா, மருந்தா?

#1 அலைவரிசை | ஞாயிறு, இரவு 11.42

வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் முதல் பதிவு.

அண்ணனுக்கு வயது 51. மூன்று வாரத்துக்கு முன் மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. கிளையோபிளாஸ்டோமா, நாலாம் ஸ்டேஜ். மறுநாள் எடுத்த எம்ஆர்ஐயைப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குத் தெரிகிற கட்டி எல்லாம் வந்துவிட்டது" என்றார் டாக்டர். வீட்டில் எல்லோரும் சந்தோஷத்தில் அழுதுவிட்டோம். அடுத்த வாரம் அதே டாக்டர், கதிர்வீச்சும் மாத்திரையும் கட்டாயம் வேண்டும் என்கிறார். ஏன் என்று கேட்டால், "ஸ்டெம் செல் மாதிரி சில செல்கள் உள்ளே தங்கியிருக்கும், அவைதான் மறுபடி முளைக்கும்" என்கிறார்.

அன்று இரவே பெரியப்பா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரத்தைப் போட்டான். ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை புதுப்பிக்கப்படுமாம். அம்மா அதையே பிடித்துக்கொண்டார். ஒருவர் ஸ்டெம் செல்தான் எமன் என்கிறார், இன்னொருவர் ஸ்டெம் செல்தான் மருந்து என்கிறார். இரண்டும் ஒரே பொருளா? கட்டியை முழுக்க எடுத்த பிறகு எது எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனை மாதம், எத்தனை சதவீதம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு ராத்திரிக்கு அது போதும்.

#2 நெறியாளர் | ஞாயிறு, இரவு 11.58

இழையை மருத்துவ அறிவியல் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். மருந்தளவு பற்றிய ஆலோசனை இங்கே வேண்டாம். விளம்பர இணைப்புகளை யார் போட்டாலும் நீக்கப்படும். அலைவரிசை, அண்ணன் நலம் பெறட்டும்.

#3 ஆய்வகப்பூனை | திங்கள், காலை 6.15

அலைவரிசை, நான் டாக்டர் இல்லை. இந்தக் கட்டியின் செல்களைக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்ப்பது என் பிழைப்பு. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

டாக்டர் சொன்னதில் முக்கியமான சொல் "மாதிரி". அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இயல்பான ஸ்டெம் செல்லுக்கு இரண்டு வேலை தெரியும். பிரிந்து தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கும், கூடவே வேறு வகைச் செல்லாக முதிரக்கூடிய பிள்ளைகளையும் பெறும். வளர்ந்தவர்களின் மூளையில் இப்படி எதுவும் கிடையாது என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1992இல் கனடாவின் கால்கரியில் ரெனால்ட்ஸ், வைஸ் என்ற இருவர் வளர்ந்த எலியின் மூளையிலிருந்து செல்களை எடுத்து, சில வளர்ச்சிக் காரணிகளைச் சேர்த்துக் கிண்ணத்தில் விட்டார்கள். அவை சின்னச் சின்ன உருண்டைகளாக வளர்ந்தன. அந்த உருண்டையிலிருந்து நரம்புச் செல்லும் வந்தது, அதற்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட்டும் வந்தது.

பத்து வருடம் கழித்து அதே கிண்ணம், அதே திரவம். இந்த முறை உள்ளே போட்டது மூளைக் கட்டியின் செல்களை. அதே மாதிரி உருண்டைகள்! முதல் தடவை அதைப் பார்த்தவருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

பெரிய திருப்பம் 2004இல் வந்தது. டொரான்டோவில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பீட்டர் டர்க்ஸ் குழு, நோயாளிகளின் கட்டிகளை எடுத்து, மேற்பரப்பில் சிடி133 என்ற புரதம் உள்ள செல்கள், இல்லாத செல்கள் என்று இரண்டாகப் பிரித்தது. எதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளின் மூளையில் தனித்தனியாகச் செலுத்தினார்கள். சிடி133 உள்ளவை வெறும் 100 போதும், கட்டி வந்தது. அதுவும் நோயாளியின் கட்டியை ஒத்த கட்டி. இல்லாதவற்றை ஒரு லட்சம் போட்டும் கட்டி வரவில்லை. அதே ஊரில் ஜான் டிக் 1990களில் இரத்தப் புற்றில் காட்டிய அதே கதை.

அப்படியானால் கட்டியில் எல்லாச் செல்லும் சமம் கிடையாது. கோரைப்புல்லை நினைத்துப் பாருங்கள். மேலே தெரிவதை எத்தனை தடவை பிடுங்கினாலும், மண்ணுக்குள் கிழங்கு இருக்கும்வரை அது போகாது. டாக்டர் சொன்ன செல்கள் அந்தக் கிழங்குகள்.

அவை ஏன் சாவதில்லை? பல மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத்தான் நன்றாகத் தாக்கும். இவற்றில் ஒரு பகுதி பிரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும். கதிர்வீச்சு டிஎன்ஏவை உடைத்தால், இவை சட்டென்று பிரிவை நிறுத்தி, பழுது பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். 2006இல் ஜெரமி ரிச் குழு இதைக் காட்டியது. கதிர் பட்ட பிறகு சிடி133 செல்களின் பங்கு கட்டியில் கூடியிருந்தது. பழுது பார்க்கும் அந்தக் கட்டளையைத் தடுத்தபோது அவையும் செத்தன. அப்புறம் இடம். 2007இல் வந்த ஓர் ஆய்வின்படி இவை இரத்தக் குழாய்களின் சுவரை ஒட்டிக் குடியிருக்கின்றன. அந்தக் குழாய்ச் செல்கள் தரும் சமிக்ஞைகள்தான் இவற்றை இந்த நிலையிலேயே வைத்திருக்கின்றன.

விளம்பரம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கிண்ணத்துக்குத் திரவம் மாற்ற வேண்டும்.

#4 கண்ணாடிச்சில்லு | திங்கள், காலை 9.30

முதலில் ஒரு திருத்தம். இந்த வகை மூளைக் கட்டிக்கு ஸ்டேஜ் கிடையாது, தரம்தான் உண்டு. நாலாம் ஸ்டேஜ் என்றால் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று உறவினர்கள் பயந்துவிடுகிறார்கள். இது தரம் 4, அதாவது நுண்ணோக்கியில் மிக மூர்க்கமாகத் தெரியும் வகை. மூளையை விட்டு இது வெளியே போவது அபூர்வம். என் வேலையே இந்தக் கண்ணாடிச் சில்லுகளைப் பார்ப்பதுதான், அதனால் சொல்கிறேன்.

இப்போது பூனையாரின் கோரைக் கிழங்கு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் 2004இன் கதையோடு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நடந்தவை:

2007இலிருந்து பல குழுக்கள் சிடி133 இல்லாத செல்களிலிருந்தும் கட்டியை வளர்த்துக் காட்டின. கிழங்கு என்று எதைச் சொன்னோமோ, அந்த அடையாளமே ஆட்டம் கண்டது. 2008இல் தோல் புற்றான மெலனோமாவில் இன்னும் பெரிய அடி. பத்து லட்சத்தில் ஒரு செல்தான் கட்டி வளர்க்கும் என்று நம்பியிருந்த இடத்தில், எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலியைப் பயன்படுத்திச் சோதனை முறையையும் மாற்றினார்கள். ஏறக்குறைய நாலில் ஒரு செல் கட்டியாக வளர்ந்தது. செல் மாறவில்லை, எலிதான் மாறியது. அப்படியென்றால் முதலில் நாம் அளந்தது செல்லின் குணத்தையா, எலியின் குணத்தையா?

2014இல் ஐந்து நோயாளிகளின் கட்டியிலிருந்து 430 செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த மரபணு ஓடுகிறது என்று படித்தார்கள். ஸ்டெம் செல், சாதாரணச் செல் என்று இரண்டு கூட்டம் தெரியவில்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை படிப்படியாகச் சரிவுதான் தெரிந்தது. 2019இல் இன்னும் பெரிய ஆய்வு, நான்கு நிலைகளைப் பிரித்துச் சொன்னது: நரம்பு முன்னோடிச் செல் போன்றது, நரம்பிழைக்கு உறை போடும் ஒலிகோடென்ட்ரோசைட்டின் முன்னோடி போன்றது, ஆஸ்ட்ரோசைட் போன்றது, இணைப்புத் திசு போன்றது. இதில் கவனிக்க வேண்டியது, ஒரு நிலையில் இருந்த செல்களை மட்டும் பிரித்து எலிக்குள் வைத்தாலும் வளர்ந்த கட்டியில் மற்ற நிலைகளும் வந்துவிட்டன.

ஆகவே இது கோரை இல்லை. ரணகள்ளி. கிழங்கு என்று தனியாக ஒன்று வேண்டாம், இலை விழுந்த இடத்தில் விளிம்பில் முளைவிடும்.

#5 சும்மா_ஒருவன் | திங்கள், காலை 9.41

ரணகள்ளிக்கு இன்னொரு பெயர் "கட்டிப்போட்டால் குட்டிபோடும்". பெயரிலேயே கட்டி இருக்கிறது பாருங்கள். மன்னிக்கவும், இழையின் கனம் தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

#6 அலைவரிசை | திங்கள், காலை 10.05

அண்ணனிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். மூன்று வாரத்தில் இதுதான் முதல் தடவை. நன்றி சும்மா_ஒருவன்.

#7 சொல்லேர் | திங்கள், காலை 11.20

ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே, ஏன் யாரும் எழுதுவதில்லை? வாழைக்குருத்து மாதிரி, இனிமேல்தான் இலையாக விரியப்போவது. பொருளும் பொருந்துகிறது.

#8 கண்ணாடிச்சில்லு | திங்கள், காலை 11.32

இயல்பான செல்லுக்குக் குருத்தணு அருமை. கட்டியில் இருப்பதற்கு வேண்டாம். குருத்து என்றால் முன்னோக்கி மட்டும் போவது. விரிந்த இலை திரும்பக் குருத்தாகச் சுருண்டுகொள்வதை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இந்தக் கட்டியில் அதுதான் நடக்கிறது.

#9 ஆய்வகப்பூனை | திங்கள், மதியம் 1.50

சில்லு சார் பாதியை அல்ல, முக்கால்வாசியை வென்றுவிட்டார். ஒப்புக்கொள்கிறேன். சிடி133ஐ நம்பித் தொழில் தொடங்கியவர்களில் நானும் ஒருவன், அதனால் கொஞ்சம் பாசம்.

ஆனால் மீதிக் கால்வாசியை விட மாட்டேன். மனிதக் கட்டியை எலிக்கு மாற்றும் சோதனையில்தான் கோளாறு என்றால், மாற்றாமலே பார்க்கலாமே? 2012இல் லூயிஸ் பராடா குழு அதைத்தான் செய்தது. மரபணு மாற்றத்தால் தானாகவே மூளைக் கட்டி வரும் எலிகள். அவற்றில் ஸ்டெம் செல் போன்ற, அதிகம் பிரியாத செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படியும், குறிப்பிட்ட ஒரு மருந்து கொடுத்தால் அவை மட்டும் சாகும்படியும் ஏற்பாடு. இந்தக் கட்டிக்கு வழக்கமாகத் தரும் டெமோசோலோமைட் என்ற கீமோ மருந்தைக் கொடுத்ததும் பிரிந்துகொண்டிருந்த கூட்டம் செத்தது. கட்டி நின்றது. பிறகு திரும்ப வளர்ந்தபோது, முதலில் பிரியத் தொடங்கியவை தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பச்சைச் செல்களின் வாரிசுகள். அவற்றையும் சேர்த்துக் கொன்றபோது கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது.

அதாவது, மருந்துக்குப் பிறகு மறுபடி யார் தொடங்குகிறார்கள் என்ற கேள்விக்கு விடை, எல்லாச் செல்லும் சமமாக என்பதல்ல. குறிப்பிட்ட ஒரு நிலையில் இருப்பவைதான் தொடங்குகின்றன. அந்த நிலைக்கு யார் வேண்டுமானாலும் போய்ச் சேரலாம் என்று நீங்கள் சொல்வதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு பேரும் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை.

#10 கண்ணாடிச்சில்லு | திங்கள், மதியம் 2.04

அது எலியின் கட்டி. மனிதக் கட்டி இன்னும் கலவையானது. சண்டைக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

#11 பழையஏடு | திங்கள், மாலை 5.15

"முழுக்க எடுத்த பிறகு எங்கே ஒளிந்திருக்கிறது" என்ற கேள்விக்கு 1928இலேயே பயங்கரமான ஒரு பதில் கிடைத்தது. அமெரிக்க அறுவை நிபுணர் வால்டர் டேன்டி, ஒரு பக்க உடம்பு ஏற்கெனவே செயலிழந்திருந்த நோயாளிகளுக்கு, கட்டி இருந்த வலது பெருமூளை அரைக்கோளம் முழுவதையும் எடுத்துப் பார்த்தார். பாதிப் பெருமூளை! அப்படியும் நோய் திரும்ப வந்தது, மறுபக்கத்தில். டேன்டி கை தேர்ந்தவர், கத்தியில் குறையில்லை. கட்டி என்று நாம் பார்ப்பது கூட்டம் அடர்ந்த இடம் மட்டும்தான். தனித்தனிச் செல்கள் நரம்பிழைகளையும் குழாய்களையும் பிடித்துக்கொண்டு அதற்கு முன்பே வெளியூர் போய்விடுகின்றன.

எம்ஆர்ஐக்கு அவை தெரியாததில் வியப்பில்லை. ஒரு கன மில்லிமீட்டருக்குள் பல்லாயிரக்கணக்கான செல்கள் அடங்கும். அதில் சில நூறு வேற்றாட்கள் இருந்தால் படத்தில் எப்படித் தெரியும்?

#12 கதிர்க்கை | திங்கள், இரவு 8.40

கதிர்வீச்சுப் பிரிவில் திட்டம் வரைபவன் நான். மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்க ஒரு விஷயம். திரும்ப வரும் கட்டி பெரும்பாலும் பழைய இடத்தின் ஓரத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள்தான் வருகிறது. அதனால்தான் கட்டி இருந்த குழியோடு, அதைச் சுற்றிச் சுத்தமாகத் தெரியும் மூளையையும் கொஞ்சம் சேர்த்துக் கதிர் பாய்ச்சுகிறோம். வழக்கமான மொத்த அளவு 60 கிரே (கதிரை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 2 வீதம் 30 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். அலைவரிசை, "சுத்தமான இடத்துக்கு ஏன் கதிர்?" என்று அம்மா கேட்டால் இதைச் சொல்லுங்கள். எங்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இது.

துண்டு துண்டாகக் கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. இடைவேளையில் நல்ல மூளை பழுது பார்த்துக்கொள்ளும். பூனையார் சொன்ன செல்களும் அதே இடைவேளையில் பழுது பார்த்துக்கொள்கின்றன என்பதுதான் எங்கள் தலைவலி. அவற்றின் பழுதுபார்ப்பைத் தடுக்கும் மருந்து நல்ல செல்களையும் பாதிக்கும்.

மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளின் சுவரில் இயல்பான ஸ்டெம் செல்கள் இருக்கின்றனவே, அங்கேயும் கூடுதலாகக் கதிர் கொடுத்தால் என்ன என்று பலர் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். சிலவற்றில் நல்லது, சிலவற்றில் ஒன்றுமில்லை, ஒத்துவரவில்லை. நினைவாற்றலுக்கு ஆபத்து என்பதால் நான் அதை விரும்புவதில்லை.

#13 மழைக்காகிதம் | திங்கள், இரவு 9.25

ஒரு சந்தேகம். இயல்பான ஸ்டெம் செல்தான் கெட்டுப்போய்க் கட்டியாகிறதா? அல்லது கட்டியின் செல் ஸ்டெம் செல் வேஷம் போடுகிறதா? மேலே இரண்டும் கலந்து ஓடுகிறது.

#14 ஆய்வகப்பூனை | திங்கள், இரவு 10.10

நல்ல கேள்வி. இரண்டையும் எங்கள் ஆட்களே குழப்பிக்கொள்வார்கள். எங்கிருந்து தொடங்கியது என்பது ஒன்று, இப்போது யார் ஓட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. தீப்பெட்டியைத் தேடுவதும் நெருப்பை அணைப்பதும் வேறு வேறு.

தொடக்கம் பற்றி 2018இல் கொரிய ஆய்வாளர்கள் அருமையான வேலை செய்தார்கள். கட்டியை மட்டும் எடுக்காமல், மூளை அறைச் சுவரிலிருந்து, கட்டி தொடாத இயல்பான திசுவையும் எடுத்து மரபணுக்களைப் படித்தார்கள். ஐடிஎச் என்ற மரபணுவில் மாற்றம் இல்லாத கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள் 16 பேரில் 9 பேருக்கு, கட்டியில் இருந்த முக்கியமான மரபணுப் பிழைகள் அந்தச் சுவரிலும் சிறிய அளவில் இருந்தன. அதாவது பிழை விழுந்தது அங்கே, கட்டி முளைத்தது தள்ளி வேறெங்கோ. அதே பிழைகளை எலியின் அறைச் சுவரில் உண்டாக்கியபோது, செல்கள் அங்கிருந்து நகர்ந்துபோய்த் தொலைவில் கட்டியாயின.

எல்லோருக்கும் இதேதான் என்று சொல்ல முடியாது. மீதி 7 பேருக்கு அங்கே எதுவும் கிடைக்கவில்லையே.

#15 நிழல்மரம் | செவ்வாய், அதிகாலை 1.12

அலைவரிசை, தூக்கம் வராமல் எழுதுகிறேன். அப்பாவுக்கும் இதே நோய். இப்போது இல்லை. இரண்டு வருடமாகிறது.

உங்கள் பெரியப்பா மகன் போட்ட மாதிரி ஒரு விளம்பரத்தை எங்கள் வீட்டில் போட்டது நான்தான். அந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். சுவர் முழுக்கச் சான்றிதழ், வரவேற்பறையில் மீன் தொட்டி. இடுப்பில் கொழுப்பு எடுத்து அதிலிருந்து ஸ்டெம் செல் பிரித்து முதுகுத்தண்டில் ஊசி போடுவோம் என்றார்கள். அப்பாவின் கட்டி எந்த வகை என்று கேட்கவே இல்லை. பணம் எப்போது கட்டுவீர்கள் என்பதை மூன்று தடவை கேட்டார்கள். எந்த ஆய்வு இதைச் சொல்கிறது என்று கேட்டதற்கு, குணமானவர்கள் பேசும் வீடியோ காட்டினார்கள்.

அந்த அலைச்சலில் கதிர்வீச்சு இரண்டு வாரம் தள்ளிப்போனது. கடைசியில் ஊசி போடவில்லை. அந்த இரண்டு வாரத்தால்தான் போனார் என்று இல்லை என எங்கள் டாக்டர் சொன்னார். நல்ல மனுஷன், அப்படித்தான் சொல்லுவார்.

அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். அவர் முட்டாள்தனமாக நம்பவில்லை. நம்புவதற்கு வேறு எதையும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

#16 ஆய்வகப்பூனை | செவ்வாய், காலை 7.00

நிழல்மரம், நேற்றே நான் எழுதியிருக்க வேண்டிய பகுதியை என்னைவிட நன்றாக எழுதிவிட்டீர்கள். மருத்துவப் பதிவுகளில் உள்ள இரண்டை மட்டும் சேர்க்கிறேன்.

2009இல் வெளியான ஒன்று. அரிய மரபு நோய் உள்ள ஒரு சிறுவனுக்கு வெளிநாடு கூட்டிப்போய், கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை மூளையில் செலுத்தினார்கள். முதல் ஊசிக்கு நாலு வருடம் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். எடுத்துச் சோதித்தால் அவை அவனுடைய செல்களே இல்லை, கொடையாகப் பெற்ற செல்கள். 2016இல் இன்னொன்று. பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் தண்டுவட ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு, தண்டுவடத்தில் மூளைக் கட்டி போன்ற வளர்ச்சி. அதுவும் கொடைச் செல்தான். மூளையைப் "புதுப்பிக்கும்" என்று விற்கப்படும் ஊசிக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நேர்மையாக இருக்காது. இயல்பான நரம்பு ஸ்டெம் செல்லுக்குக் கட்டியைத் தேடிப்போகும் குணம் உண்டு. எலி மூளையின் ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் இந்தச் செல்லைச் செலுத்தினால், மூளையைக் கடந்து கட்டிக்குப் போய்ச் சேருகிறது. 2000இல் கேரன் அபூடி இதைக் காட்டினார். அதை வைத்து, வீரியமில்லாத ஒரு பொருளைக் கட்டியிலேயே மருந்தாக மாற்றும் நொதியைத் தூக்கிக்கொண்டு போகும் தபால்காரனாக இந்தச் செல்லைப் பயன்படுத்தும் முறை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. அங்கே ஸ்டெம் செல் எதையும் புதுப்பிக்கவில்லை, மூட்டை சுமக்கிறது. சோதனையில் சேர்பவரிடம் அதற்குக் காசும் வாங்கவில்லை.

#17 சும்மா_ஒருவன் | செவ்வாய், காலை 8.22

சரி, கொல்லத்தான் முடியவில்லை. வளர்த்துப் பெரியவனாக்கிவிட முடியாதா? பொறுப்பு வந்தால் ஆட்டம் அடங்கும் என்பார்களே. இந்த முறை விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

#18 கண்ணாடிச்சில்லு | செவ்வாய், காலை 9.05

விளையாட்டாகக் கேட்டிருந்தாலும் கேள்வி சரியானது. ஒருவகை இரத்தப் புற்றில் அது வென்றிருக்கிறது. 1980களில் ஷாங்காயில் ரெட்டினாயிக் அமிலத்தைக் கொடுத்துக் குட்டிச் செல்களை முதிர வைத்தார்கள். முன்பு சில வாரத்தில் ஆளைக் கொன்ற நோய், இன்று ஆர்செனிக்கும் சேர்ந்து பெரும்பாலோருக்குக் குணமாகிறது.

மூளையில் அதே எண்ணத்தோடு 2006இல் பிஎம்பி4 என்ற புரதத்தை முயன்றார்கள். எலிகளில் கட்டி சுருங்கியது, ஆயுள் கூடியது. மனிதரில் கட்டிக்குள் குழாய் வைத்து மெதுவாகச் செலுத்தும் முதல் கட்டச் சோதனை 2023இல் வெளியானது. 15 பேர். பாதுகாப்பைப் பார்ப்பதுதான் நோக்கம், அதைத் தாண்டி முடிவு எடுக்க அது போதாது. ஆனால் 2015இலேயே ஒரு கிண்ண ஆய்வு எச்சரித்துவிட்டது. இந்தச் செல்கள் பிஎம்பிக்கு முதிர்ந்த மாதிரி நடிக்கின்றன, உருவம்கூட மாறுகிறது. வளர்ச்சித் திரவத்தை மறுபடி ஊற்றினால் பழையபடி பிரியத் தொடங்குகின்றன. நான் குருத்தணு என்ற சொல்லை ஏன் தடுத்தேன் என்று சொல்லேர் ஐயாவுக்கு இப்போது புரியும்.

#19 மழைக்காகிதம் | செவ்வாய், காலை 9.48

குழாய்ச் சுவரில் குடியிருக்கிறது என்றால் குழாயை வெட்டிவிடலாமே? பட்டினி போட்ட மாதிரி.

#20 ஆய்வகப்பூனை | செவ்வாய், காலை 10.30

இரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து அப்படித்தான் வந்தது. வீக்கம் குறையும், படம் அழகாகும், ஸ்டீராய்டைக் குறைக்கலாம். அதற்கு இன்றும் பயன் உண்டு. ஆனால் புதிதாக நோய் கண்டவர்களுக்கு அதைச் சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய சோதனைகள் 2014இல் வெளியாயின. நோய் அடுத்த அடி வைப்பது தள்ளிப்போனது போலத் தெரிந்தது, ஆயுள் கூடவில்லை. ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் இந்தச் செல்கள் சௌகரியமாகக் குடியிருக்கும் என்பதையும் கவனியுங்கள். போதாததற்கு 2010இல் இரண்டு குழுக்கள், கட்டியின் செல்களே இரத்தக் குழாயின் உட்சுவராக மாறுவதைக் காட்டின. வீட்டுக்காரனை விரட்டினால் குடியிருப்பவனே வீட்டைக் கட்டிக்கொள்கிறான்!

2019இல் இன்னொன்று. நரம்புச் செல்கள் இந்தக் கட்டியோடு நேரடியாகச் சினாப்ஸ் என்ற நரம்பு இணைப்புப் போட்டுப் பேசுகின்றன. நாம் யோசிக்கும்போது ஓடும் அதே மின்சாரம் அதற்கும் தீனி. இதைப் படித்த அன்று நான் மைக்ரோஸ்கோப்பை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

#21 கசப்புமருந்து | செவ்வாய், மதியம் 12.15

அலைவரிசை, எண் வேண்டாம் என்றீர்கள், ஆகவே நீங்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள். மற்றவர்களுக்குக் கேட்கிறேன்.

2004இல் சிடி133. 2005இல் கதிரோடு டெமோசோலோமைட் சேர்த்த பெரிய சோதனை: இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 12.1 மாதத்திலிருந்து 14.6க்குப் போனது, இரண்டு வருடம் தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 ஆனார்கள். அந்தச் சோதனையில் ஸ்டெம் செல் கொள்கைக்கு வேலையே இல்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடம், இத்தனை ஆய்வு. ஸ்டெம் செல்லைக் குறிவைத்து வந்த ஒரு மருந்தாவது வழக்கமான சிகிச்சைக்குள் நுழைந்ததா?

#22 ஆய்வகப்பூனை | செவ்வாய், மதியம் 12.50

இல்லை.

#23 கண்ணாடிச்சில்லு | செவ்வாய், மதியம் 1.15

பூனையார் ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார், அது அவர் நேர்மை. நான் கொஞ்சம் வக்காலத்து வாங்குகிறேன், நேற்று எதிர்க்கட்சியாக இருந்தாலும்.

ஒரு புரதத்தைக் குறிவைத்தால் செல் அந்தப் புரதம் இல்லாத நிலைக்கு நகர்ந்துவிடும் என்று இப்போது தெரிகிறது. முன்பு ஒரே குறிக்கு ஒரே அம்பு விட்டுத் தோற்றதற்குக் காரணம் புரிகிறது. இன்று பேசுவது நிலைமாற்றத்தையே பூட்டிவைப்பது பற்றி. தேன்கூட்டில் ராணியைத் தேடுவது போலத் தேடிக்கொண்டிருந்த காலம் போய், ராணியாகும் வழியை அடைப்பது. பலிக்குமா என்பது வேறு விஷயம்.

#24 அலைவரிசை | வெள்ளி, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பத்தியைத் தாண்டவில்லை, படித்துவிட்டேன். பரவாயில்லை.

அம்மாவிடம் நிழல்மரம் அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அந்த விளம்பரத்தைத் தன் போனிலிருந்து எப்படி அழிப்பது என்று கேட்டார்.

மரபணு அறிக்கை வந்துவிட்டது. ஐடிஎச் மாற்றம் இல்லை. எம்ஜிஎம்டி மெத்திலேற்றம் உண்டு என்று போட்டிருக்கிறது. டாக்டர் இதைப் பார்த்து முதல் தடவையாகத் தலையாட்டினார். திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்குகிறது. முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி முகமூடி செய்தார்கள்.

#25 கண்ணாடிச்சில்லு | வெள்ளி, இரவு 9.44

எம்ஜிஎம்டி என்பது டெமோசோலோமைட் செய்த சேதத்தைச் சரிசெய்யும் புரதம். மெத்திலேற்றம் இருந்தால் அந்த மரபணு பெரும்பாலும் ஊமையாகிவிடும், மாத்திரைக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். தலையாட்டியது அதற்குத்தான். இந்த அறிக்கையில் நான் பார்க்க விரும்பும் வரி அது.

#26 அலைவரிசை | வெள்ளி, இரவு 10.02

ஒன்று கேட்க வேண்டும். அண்ணன்தான் கேட்கச் சொன்னார். வெட்டி எடுத்த கட்டியை ஆய்வுக்குக் கொடுக்க முடியுமா? பூனையாரின் கிண்ணத்துக்கு மாதிரி.

#27 ஆய்வகப்பூனை | வெள்ளி, இரவு 10.20

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வளர்ப்பதற்கு உயிரோடு வேண்டும். அறுவை அறையிலிருந்து சில மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும், அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அவருடையதை இந்நேரம் ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்திருப்பார்கள். மரபணு படிக்க உதவும், உருண்டையாக வளராது.

#28 அலைவரிசை | வெள்ளி, இரவு 10.31

சொன்னேன். "அப்ப அடுத்த தடவை முன்னாடியே கையெழுத்துப் போட்டுடுறேன்னு சொல்லு" என்கிறார்.